அண்டை நாடு வந்து காக்குமா?

(மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



கூட்டம் ஆரம்பிக்குமுன் ஒரு தோழர் நம்மிடம் வந்து, "தைவான்மீது சீனா படையெடுத்தால், பக்கத்திலிருக்கும் ஜப்பான் வந்து காப்பாற்றுமா?" என்று கேட்டார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கரும்பு வெட்டுகிறவனுக்கும் முந்திரி உடைக்கிறவளுக்கும் தைவானைப்பற்றி என்ன கவலை என்பது அவர்கள் எண்ணம். நாம் சிரிக்கவில்லை. ஏனெனில், இந்தக் கேள்வியைத் தமிழர்களாகிய நாம் நாற்பது வருஷமாகக் கேட்டுவருகிறோம். நாட்டின் பெயர்தான் வேறு. ஆதலால் இன்று அதைப்பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் தைவான் விஷயத்தைப் பார்ப்போம். அங்கே சுமார் 2 கோடியே 30 லட்சம் ஜனங்கள் இருக்கிறார்கள். ஜப்பானுக்குச் சொந்தமான யோனகுனி என்னும் தீவு தைவானிலிருந்து சுமார் 70 மைல் தூரத்தில்தான் இருக்கிறது. 2025 நவம்பரில் ஜப்பான் பிரதம மந்திரி தகாய்ச்சி அம்மையார், தைவான்மீது தாக்குதல் நடந்தால் அது ஜப்பானின் உயிர்வாழ்வுக்கே ஆபத்தான நிலைமையாக ஆகக்கூடும் என்று பார்லிமெண்டில் சொன்னார். சீனா கோபித்துக்கொண்டது. உடனே, "ஜப்பான் வரப்போகிறது" என்று பலர் மகிழ்ந்தார்கள்.

தோழர்களே! அந்த அம்மையார் சொன்னதைச் சற்றுக் கவனியுங்கள். தைவான்காரனுடைய உயிருக்கு ஆபத்து என்றா சொன்னார்? ஜப்பானுடைய உயிருக்கு ஆபத்து என்றல்லவா சொன்னார்! அவர்கள் 2015-ல் செய்துகொண்ட சட்டமும் அப்படித்தான். அடுத்தவன் தாக்கப்படுவதால் தன் நாட்டின் இருப்புக்கே ஆபத்து வருமானால்தான் படையை உபயோகிக்கலாம் என்கிறது. அமெரிக்காவோ 1979-ல் ஒரு சட்டம் செய்தது. தைவானுக்கு ஆயுதம் கிடைக்கச் செய்வோம் என்று அதில் இருக்கிறது. வந்து சண்டை போடுவோம் என்ற வார்த்தை இல்லை. இதில் மோசடி ஒன்றுமில்லை. ஒரு சர்க்கார் தன் ஜனங்களின் பிள்ளைகளைச் சாகக் கொடுப்பதென்றால், தன் நாட்டுக்கு என்ன என்று கேட்காமல் கொடுக்காது.

நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரை பற்றிக்கொண்டால் நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இரக்கத்தால் ஓடுகிறவர்களும் உண்டு. ஆனால் காற்று நம் வைக்கோற்போர்ப் பக்கம் அடித்தால் ஓட்டம் கொஞ்சம் வேகமாக இருக்கும். சில பேர் முதல் குடத்தைத் தங்கள் போரின்மேல் கொட்டிவிட்டு, இரண்டாவது குடத்தைத்தான் எரிகிற வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மனிதனே இப்படியென்றால் சர்க்கார் எப்படி இருக்கும்?

இனி நம் சங்கதிக்கு வருவோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 18 மைல் கடல்தான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இந்தியா தன் வெளிநாட்டு மந்திரி நரசிம்ம ராவை அனுப்பிற்று. பிறகு இரகசியமாகத் தமிழ் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சியும் கொடுத்தது. 1987-ல் யாழ்ப்பாணத்தார் முற்றுகையில் தவித்தபோது, இராமேசுவரத்திலிருந்து உணவுப்பொருள் ஏற்றிப்போன படகுகளை இலங்கைக் கடற்படை ஜூன் 3-ந் தேதி திருப்பிவிட்டது. மறுநாளே இந்திய விமானங்கள் பறந்துபோய் யாழ்ப்பாணத்தின்மேல் மூட்டைகளைப் போட்டன. அன்று தமிழ்நாடு பூரித்தது. "வந்துவிட்டார்கள்" என்றார்கள்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைப்பது, மாகாண சபை வைப்பது என்பவை அதில் இருந்தன. ஆனால் கூடவே கடிதங்களும் மாற்றிக்கொள்ளப்பட்டன. அவற்றில் என்ன இருந்தது? திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடாக எந்த அந்நியப் படைக்கும் கொடுக்கக்கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடும் சேர்ந்து சீர்செய்ய வேண்டும். அந்நியர்களின் வானொலி நிலையத்தை இராணுவ வேலைக்கு உபயோகிக்க விடக்கூடாது. முதல் குடம் எந்தப் போரின்மேல் கொட்டப்பட்டது என்பதை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர். யாருடைய வீடு எரிந்ததோ அவனுடைய கையெழுத்து அதில் இல்லை! விளைவு என்ன? அதே வருஷம் அக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் மாண்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பிற்று. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வடக்கு கிழக்கு இணைப்பையோ 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றமே செல்லாது என்று சொல்லிவிட்டது.

அப்புறம் 2009. அப்பொழுது தமிழ்நாட்டில் மனிதச் சங்கிலியும் உண்ணாவிரதமும் தீர்மானங்களும் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். முத்துக்குமார் என்ற இளைஞர் சென்னையில் தீக்குளித்தே மாண்டார். முள்ளிவாய்க்காலில் குண்டு விழுவது நிற்கவில்லை. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரையில் மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011-ல் எழுதிற்று. வெளியேற முயன்ற ஜனங்களைத் தடுத்துவைத்த குற்றத்தைப் புலிகள்மீதும் அக்குழு சுமத்தியது. அதையும் நாம் மறைக்கக்கூடாது. யுத்தம் முடிந்த பத்தே நாளில், 2009 மே 27-ல், ஜெனீவாவில் இலங்கைக்கு அனுகூலமான தீர்மானம் வந்தபோது, அதற்கு ஆதரவாக ஓட்டளித்த 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1987-ல் மூட்டை போட்ட இந்தியா வேறு, 2009-ல் கை தூக்கிய இந்தியா வேறா? இரண்டும் ஒன்றேதான். காற்று அடித்த திசைதான் வேறு.

"அப்படியானால் 1971-ல் வங்காளிகளை இந்தியா காப்பாற்றவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். காப்பாற்றிற்று, மறுக்கவில்லை. ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள். பாகிஸ்தான் இந்தியாவுக்குப் பகை. இந்தியாவின் நன்மையும் வங்காளியின் நன்மையும் ஒரே வழியில் போயின. அதோடு வங்காளிகளுக்கென்று ஒரு தற்காலிக சர்க்கார் கல்கத்தாவிலிருந்தே வேலை செய்தது. அவர்கள் பேரம் பேச ஆள் இருந்தது. ஈழத்தமிழனுக்கு 1987-ல் அது இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே, அண்டை நாடு வருமா என்று கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான். தன் நன்மை இருந்தால் வரும். அது தீர்ந்தால் போகும். அதற்காக உதவியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எரிகிற வீட்டுக்காரன் யார் குடத்தையும் தள்ளக்கூடாது. ஆனால் குடம் கொண்டுவருகிறவனைத் தெய்வமென்று கும்பிட்டுக்கொண்டு நிற்கவும் கூடாது. கும்பிட்ட கை பேரம் பேசாது. தைவான்காரனுக்கும் இதுவே புத்தி.

கடைசியாக ஒன்று. படை அனுப்புவது நம் கையில் இல்லை. ஆனால் நம் வாசலுக்கே வந்தவர்கள் இருக்கிறார்களே! தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் பல்லாயிரம் ஈழத்தமிழர் இருக்கிறார்கள். 2021-ல் அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று நம் சர்க்கார் மாற்றிற்று, நல்லதுதான். ஆனால் அங்கே பிறந்து, நம் பள்ளியில் படித்து, நம் ஊரில் சுண்ணாம்பு அடித்துப் பிழைக்கிற பிள்ளை இந்தியப் பிரஜை அல்ல. 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாயிருந்தாலொழியப் பிறப்புரிமை கிடையாது. 2019-ல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ மூன்று நாட்டு அகதிகளைச் சொல்லிற்று, இலங்கையைச் சொல்லவில்லை. கடலுக்கு அப்பால் காப்பாற்ற முடியவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்லலாம். இங்கே இருப்பவனுக்கு ஒரு சீட்டுக் கொடுக்க எந்தக் கப்பற்படை வேண்டும்?

தோழர்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக அல்ல. நீங்களே யோசித்துப் பார்த்து, நியாயமென்று பட்டால் கேளுங்கள்.