விசிறி ஓடினால் சாம்பல் விழும்



நேற்றிரவு 10 மணிக்கு மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தீர்கள். காலை 6 மணிக்கு எழுந்து நிறுத்தினீர்கள். சாதாரண விசிறியென்றால் அரை யூனிட்டுக்குச் சற்று மேலே ஓடியிருக்கும். அது நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையத்துக் கரண்டாக இருந்தால், உங்கள் தூக்கத்துக்காக எரிந்த நிலக்கரி ஏறக்குறைய 400 கிராம். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாம்பல்தான். ஆக, விடிவதற்குள் எங்கோ ஓரிடத்தில் உங்கள் பெயரில் இரண்டு கைப்பிடி சாம்பல் சேர்ந்துவிட்டது.

இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. வேலை என்னவோ பழைய வேலைதான். கரியை மாவாக அரைத்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள், தண்ணீர் நீராவியாகிறது, அந்த நீராவி டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றவைக்கிறது. கரியில் இருந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் புகைபோக்கி வழியாகவும் குளிரவைக்கும் தண்ணீரோடும் போய்விடுகிறது.

அளவுதான் மலைக்க வைக்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள். ஓர் அலகு முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 3,500 டன் கரி வேண்டும். அதாவது ஒரு சரக்கு ரயில் நிறைய! நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறதே தவிர, கருநிலக்கரிச் சுரங்கம் தமிழ்நாட்டில் கிடையாது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி வருகிறது. ஐந்து அலகுகளும் ஓடினால், 50,000 டன் ஏற்றிவந்த கப்பலும் மூன்று நாளைக்குக் காணாது. 2021 அக்டோபரில் நாடெங்கும் அனல்மின் நிலையங்களின் கையிருப்பு சராசரியாக நான்கு நாளைக்குத்தான் என்று ஆனபோது, தில்லியே பதறியது.

'வெயிலும் காற்றும் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நண்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நல்ல சீசன். ஆனால் பொழுது சாயும் நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஓடத் தொடங்குகின்றன. அந்த நேரம் பார்த்துச் சூரியன் விடைபெற்றுவிடுகிறது.

அனல்மின் நிலையமோ, நினைத்தவுடன் பற்றவைக்கிற அடுப்பல்ல. ஆறிப்போன கொதிகலனைச் சூடேற்றி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் பகலில் அதை அணைக்காமல், நம் வீட்டு கேஸ் அடுப்பைப்போல 'சிம்'மில் வைத்திருக்கிறார்கள். இரவும் பகலும் ஒரே சீராக எரிவதற்கென்று கட்டிய அடுப்பு அது. சிம்மில் வைத்தால் ஒரு யூனிட்டுக்கு ஆகும் கரி கூடுகிறது. மிகவும் தணித்தால் தீ தள்ளாடும்; எண்ணெய் விட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சூடேறிச் சூடாறி, குழாய்களும் சீக்கிரம் தேய்கின்றன.

இதற்கெல்லாம் மின்கட்டண ரசீதில் கணக்கு உண்டு. கணக்கில் வராததும் ஒன்று உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்துபோனதை, அங்குள்ள மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நம் இரண்டு கைப்பிடியும் அப்படி ஏதோ ஒரு கரையில் சேரலாம்.

பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவுக்குத் தரும் பேட்டரிகளும், தண்ணீரை மேலேற்றி வைத்து வேண்டும்போது இறக்கும் நீரேற்று மின்நிலையங்களும் பெருகப் பெருக, இந்த அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைக்கலாம். அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைச் சாயங்காலம் 7 மணிக்குப் போடாமல், உச்சிவெயிலில் போடுங்கள். வேலை அதே வேலைதான். வெயில் செய்துவிட்டுப் போகட்டும்.