காசு கொடுத்துக் களை பிடுங்கினோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணியினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடந்த பாடசாலை விடுமுறையில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் மூன்று பேர் தமிழ்நாட்டுக்குப் போய், மூன்று வாரம் ஓர் இயற்கைப் பண்ணையில் வேலை செய்துவிட்டு வந்தோம். "வாத்தியார்மார் கடல் தாண்டிப் போயி மண்ணு வெட்டுனாங்களாம்" என்று லயத்துப் பக்கம் பேச்சு. உண்மைதான். அங்கே கண்டதை உங்களிடம் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

நாங்கள் போன இடம் ஆரோவில். புதுச்சேரிக்குப் பக்கத்தில், பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பல நாட்டு மக்களும் ஒன்றாக வாழ வேண்டும் என்று 1968 பெப்ரவரி 28ஆம் திகதி தொடங்கினார்கள். அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரே தாழியில் போட்டார்களாம். அப்போது அந்த மேடு, மழை அரித்துப்போட்ட வெறும் செம்மண் காடு. வரப்புக் கட்டி, மழைத்தண்ணீரை மறித்து, இலட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். இன்று அது நிழல்காடு. மண்ணைத் திருத்தலாம், ஆனால் ஒரு பருவத்தில் முடியாது என்பதை அங்கே கண்ணால் கண்டோம்.

காலை ஆறு மணிக்கு வேலை. நமக்குப் பிரட்டு மாதிரிதான். ஆனால் கணக்கப்பிள்ளை இல்லை. வட்டமாக நின்று, இன்று என்ன வேலை, யார் எதைச் செய்வது என்று பேசி முடிவெடுத்தோம். பாத்தி கட்டினோம், களை பிடுங்கினோம், மூடாக்குப் போட்டோம், கத்தரிக்காயும் வெண்டிக்காயும் பறித்தோம். பறித்ததில்தான் மதியச் சாப்பாடு. எத்தனை கிலோ என்று ஒருவரும் நிறுக்கவில்லை. எங்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கவும் சாப்பிடவும் நாங்கள்தான் காசு கொடுத்தோம்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து நாட்கூலிக்கு வந்த ஓர் அம்மா இதைக் கேட்டதும் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டார். "காசு குடுத்தா களை புடுங்குறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். இரவு படுத்தபோது அந்தக் கேள்வி தூங்க விடவில்லை.

அவர் பிடுங்கியதும் நாங்கள் பிடுங்கியதும் ஒரே களைதான். வெயிலும் ஒன்றுதான். ஆனால் எங்களுக்குக் கையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருந்தது. முதுகு வலித்தால் ஒரு நாள் படுத்துக்கொள்ளலாம். அந்த அம்மா படுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. நம் தாய்மார் கொழுந்துக்கூடையோடு மலை ஏறுவதும் அப்படித்தானே? "உழைப்பு உயர்ந்தது" என்று மேடையில் பேசுவது இலேசு. உழைக்கிறவர் கையில் நிலமும், வேலையைப் பற்றிப் பேசும் வாயும் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு.

நிலத்தைப் பற்றியும் கேட்டறிந்தோம். ஆரோவில்லின் நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. 1988இல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அது ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே நிலம் ஒருவருக்கும் சொந்தமில்லை என்று ஆட்கள் விரும்பி வந்து இருக்கிறார்கள். இங்கே 200 வருசமாக நிலத்தைத் திருத்திய நமக்குத்தான் சொந்தமில்லை. இரண்டும் ஒன்றல்ல.

"இயற்கை விவசாயமா? 2021 மறந்துபோச்சா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மறக்கவில்லை. அந்த வருசம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். இடையில் கொழுந்து குறைந்தது, களை மண்டியது, கிலோ காணாமல் அரைப் பேர் விழுந்தது நமக்கு. தோட்டத்தில் வேலை செய்கிறவரை ஒரு வார்த்தை கேட்காமல் மேலிருந்து போட்ட கட்டளை அது. மண் திருந்துவதற்கு அவகாசமும் கொடுக்கவில்லை. பிழை சாணத்தில் இல்லை.

அங்கே கற்ற ஒன்றை இங்கேயே செய்யலாம். ஜீவாமிர்தம் என்பார்கள். 20 லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லீற்றர் கோமயம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயற்றம்மா, ஒரு பிடி நல்ல மண். நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். அங்கத்தைய வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். நம் குளிருக்குக் கூடுதலாக நாள் பிடிக்கும். ஈரமான மண்ணில், செடியின் அடியில் ஊற்றுங்கள். கரட், லீக்ஸ், கீரை எதற்கும் ஆகும்.

ஆனால் எந்த மண்ணில் ஊற்றுவது? லயத்துக்குப் பின்னால் போட்ட பாத்தியை நாளைக்கே நிர்வாகம் "எடு" என்றால் எடுக்க வேண்டும். மூன்று வருசம் பாடுபட்டு மண்ணைத் திருத்த, அந்த மண் மூன்று வருசத்துக்குப் பிறகும் நம்மிடம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். அதனால்தான் வீட்டுக்குக் காணி என்பதோடு நின்றுவிடாமல், பயிரிடும் காணியும் உறுதிப்பத்திரமும் கேட்கிறோம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு வேலை செய்யட்டும். எந்தக் குடும்பம் எவ்வளவு நிலத்தில், எத்தனை வருசமாக மரக்கறி போடுகிறது என்று பெயரோடு எழுதுங்கள். எழுத எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் உதவுவார்கள். கூடவே ஒரு பசளைக் குழியும் வெட்டுங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தப் பட்டியலோடு போவோம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பட்டியலை எழுதி முடித்தால் பாதிப் பதிலாவது சொன்னதாக இருக்கும்.