மஞ்சள் பாலும் இரண்டு வார இருமலும்



பனிக்காலம் வந்தால் நம் வீடுகளில் இஷா தொழுகைக்குப் பிறகு அடுப்பில் மஞ்சள் பால் ஏறிவிடும். மஞ்சள்தூள், இடித்த மிளகு, பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சுவோம். உருது பேசும் வீடுகளில் இதுவே ஹல்தி தூத். மேலைநாட்டுக் காபிக் கடைகளில் 'கோல்டன் லாட்டே' என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி எதிர்த்ததால் 1997இல் அது ரத்தானது.

பாட்டிமார் மிளகு சேர்த்ததிலும் பொருள் உண்டு. மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் எளிதில் சேராது. சேருவதற்கு மிளகு உதவுகிறது. சளி பிடித்த தொண்டைக்கு இந்தப் பால் இதமாக இருக்கும். அந்த அளவோடு சரி.

சென்ற ஆண்டு நம் பகுதியில் ஒரு வீட்டில், திருமணம் பேசிக்கொண்டிருந்த மகளுக்கு இரண்டு மாதமாக விடாத இருமல். இரவுதோறும் மஞ்சள் பால் கொடுத்து வந்தார்கள். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் கண்ட பிறகே நம்மிடம் வந்தார்கள். சளிப் பரிசோதனையில் டி.பி. என்று தெரிந்தது. பாலின் பெயரைப் பெருமையாகச் சொல்லும் நாம், நோயின் பெயரைச் சொல்லத்தான் அஞ்சுகிறோம். சம்பந்தம் கெட்டுவிடுமோ என்ற பயம்.

பயம் வேண்டாம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவரைப் போலவே குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்து போதும். ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது.

எனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். தனியாகப் போகத் தயங்குபவர்கள் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். உடன் வருகிறோம், பெயரை வெளியே விடமாட்டோம். நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

அந்த மகள் மருந்தை முடித்து, அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறாள். மஞ்சள் பாலையும் விடவில்லை.