பொருளற்ற சுட்டு

(திருவண்ணாமலைத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)



இலக்கணம் பேச வேண்டிய புலவன் கணிப்பொறி பேச வந்ததேன் என்று சிலர் புன்முறுவல் பூக்கின்றீர்கள். யான் பேச வந்ததும் இலக்கணமே, சுட்டிலக்கணம்.

என்பால் பயின்ற மாணவர் ஒருவர், இவ்வூர் அருணகிரியாரின் திருப்புகழைக் கணிப்பொறியில் சுருக்கி வைக்க ஒரு நிரல் எழுதினார். (வடசொல் மலிந்த நூலே; ஆயினும் நம்மூர்ச் செல்வம்.) சுருக்குவது எற்றுக்கெனின், ஒருங்குறியின் யுடிஎப்-8 முறையில் 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் 5 குறிகளாகி, குறிக்கு 3 பைட்டாக 15 பைட்டு இடங்கொள்கின்றது, ஆங்கில எழுத்துக்கோ ஒன்றே போதும். நம் எழுத்தைக் கூறுபோட்ட அக்கொடுமையை வேறொரு நாள் பேசுவேன். சுருக்குதற்கு அவர் கொண்டது, 1995-இல் இழான்-லூப் கையி, மார்க்கு ஆட்லர் என்னும் இருவர் சி மொழியில் இயற்றி, உலகிற்கு விலையின்றி வழங்கிய 'இசட்லிப்' என்னும் நிரல்தொகுதி.

நிரல் முதலில் ஒழுங்காக ஓடிற்று. சற்றே திருத்தியமைத்த பின்னர், ஒருகால் ஓடும்; ஒருகால் இடையில் வீழும். மூன்று நாள் உறக்கங்கெட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "தமிழில் சொல்லுக" என்றேன். அத்தொகுதியிடம் ஒரு கட்டமைப்பை ஒப்படைப்பதாகவும், அதில் செயற்சுட்டுகள் இரண்டு உள்ளனவென்றும் சொன்னார். நினைவகத்தில் இடம் பெற்றுத்தரும் செயலை ஒன்றும், அவ்விடத்தை விடுவிக்கும் செயலை மற்றொன்றும் சுட்டுமாம். "அவை இப்போது எதனைச் சுட்டுகின்றன?" என்றேன். விடைசொல்லத் தொடங்கியவர், பாதியில் எழுந்தோடினார்.

கரணியம் இது. அச்சுட்டுகளில் சுழியை இட்டால், தொகுதி தன் சொந்தச் செயல்களையே அமர்த்திக்கொள்ளும். சுழியல்லாத எது இருப்பினும், நாம் கருதிக் கொடுத்த முகவரியென நம்பி ஆங்கே பாயும். சி மொழியிலோ, செயற்கூறுகளுக்குப் புறத்தே அறிவித்த மாறிகள் தாமே சுழியாகும். அகத்தே அறிவித்தவை ஆகா. முன்பு அவ்விடத்தில் யாது இருந்ததோ அதன் எச்சமே கிடக்கும். திருத்தியமைத்தபோது மாணவர் கட்டமைப்பைப் புறத்திலிருந்து அகத்திற்கு மாற்றிவிட்டார். அவ்வளவே! அ, இ, உ எனச் சுட்டு மூன்று வகுத்த தொல்காப்பிய மரபினர்க்கு இது விளங்காதா? 'அவனிடம் கொடு' என்றோம். 'அவன்' யாரென முன்னர்ச் சொல்லவில்லை. கேட்டவன் தெருவில் எதிர்ப்பட்டவனிடம் பொருளைக் கொடுத்துவிட்டான்.

திருத்தம் ஒரு வரிதான்: கட்டமைப்பு முழுவதையும் தொடக்கத்திலேயே சுழியாக்குதல்.

என் நெஞ்சைச் சுட்டது வேறு. அழைப்பவரே இவ்வுறுப்புகட்குத் தொடக்க மதிப்பிட வேண்டுமென்று அத்தொகுதியின் விளக்கவுரையில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியுள்ளது. "படித்தேன் ஐயா, நெஞ்சில் நிற்கவில்லை" என்றார். இளமை முதல் ஆங்கிலத்தை உருப்போடப் பழகிய கண் வரியின்மேல் ஓடிற்று. அறிவு உடன் ஓடவில்லை.

ஆங்கிலத்தை மட்டும் நொந்து என்ன பயன்? கலைச்சொற் பட்டியல் அச்சிடுவதோடு நம் கடன் முடிந்ததெனப் புலவர்கள் யாமும் இருந்துவிட்டோம். பாயிண்டருக்குச் 'சுட்டு' என்றெழுதி அடுத்த சொல்லுக்குச் சென்றோம். அச்சுட்டைக் கொண்டு ஒரு பாடம் எழுதினோமில்லை. அம்மாணவரும் யானும் அவ்விளக்கவுரையைத் தமிழாக்கத் தொடங்கியுள்ளோம். இதுகாறும் நான்கு பக்கம். படி என் பையில் உளது. கூட்டம் முடிந்ததும் வாங்கிப் பார்த்துப் பிழை சுட்டுங்கள்.