கணக்குக் கேட்கும் உரிமை

(பொழிவின் எழுத்து வடிவம்)



தீப்பெட்டி ஒன்று வாங்குகின்ற ஏழைப் பெண்ணும் அரசுக்கு வரி செலுத்துகிறாள். வருமான வரி கட்டுவோர் மட்டுமே வரி கொடுப்போர் என்று கருதுவது அறியாமை. செருப்பு, குடை, அடுக்களைக் கலம் என்று கடையில் வாங்கும் பொருள்களின் விலைக்குள்ளே வரி ஒளிந்து கிடக்கிறது. ஆகவே கருவூலத்தில் குவியும் பணம் ஆள்வோர் ஈட்டிய பணமன்று. உழைப்போர் கொடுத்த பணம். கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. வாங்கியவருக்குக் கணக்குக் காட்டும் கடமை உண்டு. இஃது அறம், ஆட்சியும் இதன்மேல்தான் நிற்கிறது.

திருவள்ளுவர் இறைமாட்சியில் அரசின் பொருட்செயலை நான்காகப் பிரித்தார். பொருள் வரும் வழியை உண்டாக்குவது ஒன்று. வந்ததைச் சேர்ப்பது ஒன்று. சேர்த்ததைக் காப்பது ஒன்று. காத்ததைப் பங்கிட்டுச் செலவிடுவது ஒன்று. முதல் மூன்றில் ஆள்வோருக்கு ஆர்வம் குறைவதில்லை. நான்காவதில்தான் எல்லாக் குற்றமும் நுழைகிறது.

உத்தரமேரூர் காட்டும் நெறி

காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919 ஆம் ஆண்டினது; மற்றொன்று 921 ஆம் ஆண்டினது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை வழியே ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. மேடைதோறும் புகழப்படும் செய்திதான். ஆனால் அதனுள் இருக்கும் ஒரு விதியைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தார் கணவர், மருமகன், சிற்றப்பன், மாமன் முதலிய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனை மட்டுமன்று, அவனுக்குப் பதிலாக வரக்கூடிய உறவினனையும் அந்த விதி தடுத்தது.

இதில் மறைக்கத் தகாத குறையும் உண்டு. அது பார்ப்பனர் ஊர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் மறைப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அங்கே இடம். ஏரியில் மண் சுமந்தவனுக்கு ஓலை இல்லை, பெண்ணுக்கும் இல்லை. அந்தக் குறையைக் களைந்துவிட்டு அந்த விதியைக் கொள்வதே அறிவுடைமை. இன்று எல்லார்க்கும் வாக்கு உண்டு. ஆனால் கணக்குக் காட்டாதவனை விலக்கும் துணிவு எங்கே?

சட்டம் சொல்வதும் மன்றம் செய்வதும்

இந்திய அரசமைப்புச் சட்டம் எழுத்தளவில் கண்டிப்பானது. 265 ஆம் பிரிவின்படி சட்டத்தின் இசைவின்றி எந்த வரியும் தண்டக் கூடாது. 266 ஆம் பிரிவின்படி தொகுநிதி எனப்படும் பொதுக் கருவூலத்திலிருந்து சட்ட வழியன்றி ஒரு காசும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டும் தொகையை மக்களவையின் முன் வைத்துக் கேட்க வேண்டும். செலவு முடிந்தபின் தலைமைக் கணக்காய்வர் ஆய்ந்து அறிக்கை தருவார். அவ்வறிக்கையைப் பொதுக்கணக்குக் குழு ஆராயும். மக்களவையினர் பதினைவரும் மாநிலங்களவையினர் எழுவரும் கொண்ட அக்குழுவில் அமைச்சர் எவரும் இருத்தல் ஆகாது. 1921 இல் தோன்றிய அக்குழுவுக்கு வெள்ளையர் ஆட்சியில் அரசின் பொருளுறுப்பினரே தலைவராக இருந்தார். செலவிட்டவனே செலவை ஆராய்ந்தான்! 1967 முதல் எதிர்க்கட்சியினர் ஒருவரைத் தலைவராக்கும் மரபு வந்தது.

ஒரு கேள்வி எவ்வளவு வலியுடையது என்பதற்கு 1957 ஆம் ஆண்டு சான்று. வாழ்நாள் காப்பீட்டுக் கழகம் அதற்கு முந்திய ஆண்டில்தான் அரசுடைமையாகத் தொடங்கப்பட்டது. அதில் இருந்தது எளிய குடும்பங்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம். அப் பணத்தில் ஏறத்தாழ 1 கோடியே 24 இலக்கம் உருபா, அரிதாசு முந்திரா என்னும் வணிகரின் ஆறு குழுமங்களில் பங்குகளாக முடக்கப்பட்டது. இதை மக்களவையில் எழுப்பியவர் பெரோசு காந்தி. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். தலைமையமைச்சர் நேருவின் மருமகனும் ஆவார். கட்சியும் உறவும் அவர் வாயைக் கட்டவில்லை. பம்பாய் உயர் வழக்குமன்றத் தலைமை நடுவர் சக்லா பொதுமக்கள் முன்னிலையில் உசாவல் நடத்தினார். 1958 பிப்புரவரியில் பொருளமைச்சர் டி.டி. கிருட்டிணமாச்சாரி பதவி விலகினார். விலகியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்காக இச் செய்தியை மறைக்க வேண்டுவதில்லை. கணக்கில் தன்னவன் பிறன் என்னும் வேறுபாடு கூடாது.

இனி, அதே அவையின் பிற்கால நடப்பைப் பாருங்கள். துறைகள் கேட்கும் தொகைகளில் ஒருசிலவற்றை மட்டும் பேசிவிட்டு, எஞ்சியவை அனைத்தையும் பேச்சின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றும் வழக்கம் உண்டு. அதற்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் கில்லட்டின். பிரெஞ்சு நாட்டில் மாந்தர் தலையை வெட்டிய கருவியின் பெயர்! பெயர் பொருத்தமானதே. 2018 மார்ச்சில் எல்லாத் துறைகளின் தொகைகளும் இவ்வாறே சொல்லாடலின்றி நிறைவேறின. 2023 மார்ச்சு 23 அன்று ஏறத்தாழ 45 இலக்கம் கோடி உருபாச் செலவுத் திட்டம் இருதரப்பின் கூச்சலுக்கிடையே சில மணித்துளிகளில் நிறைவேறியது. ஒரு குடும்பத்தில் மகளின் திருமணச் செலவைப் பேச நான்கு நாள் ஆகிறது. ஒரு துணைக்கண்டத்தின் ஓராண்டுச் செலவைப் பேச ஒரு நாழிகையும் கிடைக்கவில்லை.

கணக்காய்வறிக்கை பின்னால் வருகிறதே என்பர் சிலர். அது பிணத்தை அறுத்துப் பார்ப்பது போன்றது. நோயின் காரணம் தெரியும், உயிர் திரும்பாது. செலவுக்கு முன்னே கேட்கும் கேள்விதான் மருந்து.

பொதுமுதலீடும் உழைப்பவன் கூலியும்

அரசு முதலீடு செய்வது தீதன்று. நெய்வேலிச் சுரங்கமும், பெரம்பூர்த் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகமும், திருச்சிக் கொதிகலன் தொழிலகமும் பொதுப்பணத்தில் எழுந்தவையே. தனியார் பணம் தயங்கும் இடத்தில் பொதுப்பணம் சென்றால்தான் நாடு வளரும். ஆனால் எவ்வளவு இரும்பு, எவ்வளவு சுண்ணம் என்று கணக்கிடும் அரசு, அதைச் சுமந்தவனுக்கு எவ்வளவு கொடுத்தது என்றும் கணக்குக் காட்ட வேண்டும். கட்டடத்தைக் காட்டிக் கூலியை மறைக்கும் கணக்கு அரைக்கணக்கு.

1982 நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. அதற்கென மேம்பாலங்களும் விளையாட்டரங்குகளும் விரைந்து எழுந்தன. அன்று சட்டப்படி தொழிலாளிக்குரிய குறைந்த அளவு நாட்கூலி 9 உருபா 25 காசு. அந்தத் தொகை சமேதார் எனப்பட்ட கங்காணிகளின் கை வழியே சென்றது. அவர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் உருபாவைப் பிடித்துக்கொள்ள, உழைத்தவன் கைக்கு வந்தது 8 உருபா 25 காசு. வழக்கு உச்ச வழக்குமன்றத்துக்குச் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் நடுவர் பகவதி தீர்ப்புரைத்தார். குறைந்த அளவுக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்பின் 23 ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்பது அத் தீர்ப்பின் சாரம். பசியும் ஒரு விலங்குதான் என்பதை வழக்குமன்றம் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டு இராசத்தானிலிருந்து ஒரு வழக்கு. வறட்சித் துயர்நீக்கம் என்னும் பெயரால் சாலை போட வந்த ஏழைப் பெண்களுக்கு அந்நாளைய குறைந்த அளவுக் கூலியாகிய 7 உருபாவும் முழுமையாகக் கிட்டவில்லை. துயர்நீக்க வேலைக்குக் கூலிச்சட்டம் பொருந்தாது என்று அந்த மாநிலம் 1964 இல் தனிச்சட்டமே இயற்றி வைத்திருந்தது. அது செல்லாது என்று வழக்குமன்றம் தீர்த்தது. உழைப்பை வாங்கிக்கொண்டு அதற்குக் கொடை என்று பெயரிடுவதை அறம் ஏற்காது.

தீர்ப்பு வந்தால் மட்டும் கூலி வந்துவிடுமா? அதே இராசத்தானில் 1990 இல் உழைப்பாளரும் உழவரும் சேர்ந்து மசுதூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் அமைப்பைக் கண்டனர். முழுக்கூலி கேட்டபோது, நீங்கள் வேலை செய்யவில்லை என்று எங்கள் ஏடு கூறுகிறது என்றனர் அலுவலர். ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசின் மறைசெய்தி என்றனர். அப்போதுதான் அம்மக்களுக்கு உண்மை புலப்பட்டது: கூலி ஏட்டுக்குள் சிறைப்பட்டிருக்கிறது! 1994 திசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் வருகைப்பதிவுகளை ஊரார் நடுவில் உரக்கப் படித்தனர். இறந்தவர்கள் கூலி வாங்கியிருந்தனர். ஊரிலேயே இல்லாதவர்கள் மண் சுமந்திருந்தனர். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்னும் முழக்கம் பரவியது. அப் போராட்டத்தின் விளைச்சல்களில் ஒன்றுதான் 2005 ஆம் ஆண்டின் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997 இலேயே அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் விலக்குகள் மிகுந்த சட்டம் அது.

மொழியும் கணக்கும்

கணக்குக் கேட்பவனுக்குக் கணக்கு விளங்க வேண்டும். அரசமைப்பின் 120 ஆம் பிரிவு நாடாளுமன்ற நடவடிக்கை இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும் என்கிறது. அவ்விரண்டிலும் செவ்வனே பேச இயலாதவர்க்கு அவைத்தலைவர் தாய்மொழியில் பேச இசைவளிக்கலாம். அதாவது, தமிழில் பேசுவது அங்கே உரிமையன்று; இசைவு. தன் பணம் எங்கே சென்றது என்று தன் மொழியில் கேட்பதற்கும் ஒருவன் இசைவு பெற வேண்டுமென்றால், அவன் அந்த வீட்டின் உடைமையாளனா, ஒட்டுக்குடியா? தமிழுரிமை என்பது பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டும் உரியதன்று. கருவூலத்தின் திறவுகோலும் தமிழில் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். தில்லியை நோக்கி ஓங்கும் கை, உள்ளூர் ஊராட்சியைக் கண்டதும் ஏன் தாழ்ந்து போகிறது? அங்கே தமிழில்தானே கேட்கலாம்? கணக்கு எழுதியவன் ஒருவனுக்குப் பங்காளி, ஒருவனுக்குக் கட்சிக்காரன். உறவும் கட்சியும் அங்கே வாயை அடைக்கின்றன. உத்தரமேரூர்க் கல்வெட்டு உறவினரையும் விலக்கியது ஏன் என்பது இப்போது விளங்கும்.

தமிழ்நாட்டில் மே முதல் நாளில் ஊர்மன்றம் கூடுகிறது. அது தொழிலாளர் நாளும் ஆகும். அன்று ஊருக்கு ஒருவர் எழுந்து நின்று, இந்தச் சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று, மண் சுமந்தவர்க்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று இரண்டே கேள்விகள் கேட்கட்டும். விடை வரும்வரை அமராதிருக்கட்டும். ஊரில் கேட்கப் பழகிய நாக்குதான் நாளை நாடாளுமன்றத்திலும் நடுங்காமல் கேட்கும்.

கேளாத மக்களுக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத நாட்டில் உழைப்பவனுக்கு நிறைகூலியும் இல்லை.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்போர் உரிமை!