கறள் இறுகிய ஆணி

மோட்டர் வண்டியின் பாரத்தைத் தாங்குபவை எவை என்று கேட்டால், சக்கரங்கள் என்றும் வில்கள் என்றும் பலர் விடை கூறுவர். அவ்விடை தவறன்று. ஆயினும், அவ்வில்லை வண்டியின் சட்டத்தோடு பிணைத்து வைத்திருப்பது விரற்பருமனுள்ள ஓர் ஆணியே. வேலைத்தலங்களில் அதனைப் 'போல்ட்' என்றும், அதன் முனையில் திருகப்படும் சுரையை 'நட்' என்றும் வழங்குவர். வண்டி புதிதாயிருக்கும்வரை இவற்றை எவரும் நினைப்பதில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகள் சென்றபின், தேய்ந்துபோன இறப்பர் புஷ்ஷை மாற்றும்பொருட்டு அந்த ஆணியைக் கழற்ற முனையும் நாளிலேதான் அதன் பிடிவாதம் வெளிப்படும்.

நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் வண்டி இதற்குத் தக்க உதாரணமாகும். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மோட்டர்க் காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1990 களில், போரின் காரணமாக யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிட்டாதிருந்த காலத்தில், இத்தகைய பழைய ஆங்கில வண்டிகள் சிறிதளவு பெற்றோலால் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்ற வண்டிகளும் அவற்றுள் இருந்தன. அத்தகைய வண்டியைப் பேணுவோர்க்கு அது வெறும் இரும்பன்று.

அவ்விரும்பின் பகைவன் கறள். இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேரும்போது கறள் உண்டாகிறது. கடலுப்பு அதனை விரைவுபடுத்துகிறது. அழிந்த இரும்பு பிடித்திருந்த இடத்தைவிடப் பல மடங்கு அதிகமான இடத்தைக் கறள் பிடித்துக்கொள்கிறது. ஆணிக்கும் அதன் துளைக்கும் இடையே இருந்த மயிரிழை வெளி இவ்வாறு நிரம்பிவிடுகிறது. மேலும் பெருக இடமில்லாமையால் கறள் இருபுறமும் நெருக்குகிறது. ஆணி இறுகுவதன் காரணம் இதுவே. உண்மையில் ஒட்டியிருப்பதன்று, ஆப்பு அடித்ததுபோல் நெருக்குண்டிருப்பதாகும்.

'கழற்ற முடியாவிட்டால் அப்படியே இருக்கட்டும்' என்று விட்டுவிடலாமா? விடலாகாது. மொறிஸ் மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனை மறையுள்ளது. அது ஒரு பித்தளைக் குமிழைப் போன்ற தனிப்பாகத்துள் அன்றி, மறைவெட்டிய தாங்கியொன்றினுள் திருகி நின்று, வண்டி திரும்பும்தோறும் தானும் திரும்புகிறது. கிரீஸ் இடாது விட்டால் அந்த மறை தேய்ந்து, ஒருநாள் தண்டு கழன்று, ஓடும் வண்டியின் சக்கரம் உள்ளே மடிந்துவிடும். தேய்ந்த பாகத்தை மாற்றவேண்டுமாயின் இறுகிய ஆணிகளைக் கழற்றியே ஆகவேண்டும்.

மரக்கறி ஏற்றி வாழும் ஒருவருடைய பழைய வண்டி, பின்வில்லின் புஷ் தேய்ந்த நிலையில், கடலோர ஊரிலுள்ள வேலைத்தலம் ஒன்றுக்கு வந்ததாகக் கொள்ளலாம்.

"பின்னேரத்துக்குள் தர முடியாதா, அண்ணை?" என்று அவர் கேட்பார். நாளைக் காலைச் சந்தை அவர் கண்முன் நிற்கிறது.

அனுபவமுள்ள தொழிலாளி, "இன்றைக்கு எண்ணெய் வேலை செய்யட்டும், தம்பி, நாளைக்குக் கை வேலை செய்யும்" என்பார்.

அவ்விடையில் சோம்பல் இல்லை, தொழிலறிவே உண்டு. அவர் முதலிற் செய்வது கம்பித் தூரிகையால் ஆணியின் வெளித்தெரியும் மறையைத் துலக்குவதாகும். கழன்றுவரும் சுரை அந்த மறைமீதே பயணஞ் செய்யவேண்டும். வழியிற் கறள் இருந்தால் பாதியில் மீண்டும் இறுகும். அடுத்து, ஊடுருவும் எண்ணெயை இடுவார். அது மெல்லிய இடுக்குகளினூடே தானாகவே ஊர்ந்து செல்லும். இடையிடையே ஆணியின் தலையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால், அதிர்வினால் கறளிற் சிறு வெடிப்புகள் உண்டாகி எண்ணெய்க்கு வழி திறக்கும். கடைகளில் விற்கும் 'டபிள்யூ டி 40' என்னும் திரவம் 1953 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நீரை அகற்றிக் கறளைத் தடுப்பதற்காக ஆக்கப்பட்டது. கடுமையாக இறுகிய ஆணிக்கு, ஊடுருவுதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய் அதனினும் சிறந்தது. எதுவாயினும் ஓர் இரவேனும் ஊறவேண்டும்.

மறுநாள், வண்டியின் கீழே செல்லுமுன், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மீது இருத்துதல் வேண்டும். ஜக் வண்டியை உயர்த்துதற்கு உரியது. உயர்த்திய வண்டியைத் தாங்குதற்கு அதனை நம்பியிருத்தல் ஆகாது. இறுகிய ஆணியோடு போராடுபவர் வண்டியையே அசைக்கிறார் என்பதை மறக்கலாகாது. வில்லிலும் முன்புறத்து முறுக்குக் கம்பியிலும் அடங்கிய விசையையும் முறைப்படி தளர்த்திய பின்னரே ஆணியில் கைவைக்க வேண்டும்.

ஸ்பனர் சரியான அளவினதாய் இருத்தல் இன்றியமையாதது. பழைய ஆங்கில வண்டிகளில் விற்வேத் அளவும், பின்னர் வந்தவற்றில் அமெரிக்க முறைக்கிசைந்த அளவும் உண்டு. ஒன்றின் ஸ்பனர் மற்றொன்றில் பொருந்துவதுபோல் தோன்றி, அழுத்தியதும் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். வாய்திறந்த ஸ்பனரைவிட ஆறு பக்கமும் கவ்வும் வளைய ஸ்பனரே நன்று. முதலில் சிறிது இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்தும் திசையில் திருப்ப வேண்டும். அசைவு கண்டதும் ஒரேயடியாய்த் திருகாது, முன்னும் பின்னுமாய்ச் சென்று, எண்ணெய் இட்டு, மீண்டும் தொடர வேண்டும். 30 சதம மீற்றர் நீளமுள்ள பிடிக்கு 60 சதம மீற்றர் நீளமுள்ள குழாயை மாட்டினால் முறுக்கு விசை இரட்டிக்கும். ஆணி முறியும் அபாயமும் அவ்வாறே இரட்டிக்கும்.

இதற்கும் இணங்காத சுரைக்கு நெருப்பே மருந்து. உருக்கு ஒவ்வொரு பாகை சதமத்துக்கும் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்திலட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையை 300 பாகை சூடேற்றினால் அது ஏறத்தாழ 0.036 மில்லிமீற்றர் அகலும். சிறிய அளவே, ஆயினும் கறளின் பிடி உடைவதற்கு அது போதும். ஆகவே சூடேற்ற வேண்டியது சுரையையேயன்றி ஆணியையன்று. சூடான சுரையின் ஓரத்தில் மெழுகுதிரியைத் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு வழுக்கத் துணைசெய்யும். பெற்றோற் குழாய், பிரேக் குழாய், இறப்பர் ஆகியவற்றின் அருகே சுடரைக் கொண்டுசெல்லலாகாது. எண்ணெயைத் துடைத்த பின்னரே சுடரை ஏற்ற வேண்டும். தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வில்லையும் முறுக்குக் கம்பியையும் ஒருபோதும் சூடாக்கலாகாது. பதம் கெட்ட உருக்கு பின்னர் வீதியிலே முறியும்.

சுரை கழன்றும் ஆணி வெளிவராதிருப்பதே மிகக் கடினமான நிலை. புஷ்ஷின் நடுவிலுள்ள உருக்குக் குழலோடு ஆணி இறுகியிருக்கும். தலையைத் திருப்பினால் இறப்பர் முறுகி, விட்டதும் பழைய நிலைக்கே மீளும். அப்போது சுரையை ஆணியின் முனையோடு மட்டமாக மாட்டி, இடையே பித்தளைத் துண்டை வைத்து அடித்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிடில், வில்லின் கண்ணுக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள இடுக்கில் இருபுறமும் வாளால் ஆணியை அறுத்தெடுப்பதே அறிவுடைமை. ஆணியும் புஷ்ஷும் புதியன வாங்கக்கூடியவை; சட்டம் அவ்வாறன்று.

மீளப் பூட்டும்போது பழைய ஆணியையோ, கடையில் அகப்பட்ட சாதாரண ஆணியையோ இடுதல் பெருந்தவறு. அதே வலுத்தரமுள்ள புதிய ஆணியே வேண்டும். அதன் தண்டில் கிரீஸைப் பூசி நுழைத்து, வண்டியைச் சக்கரங்களின்மீது இறக்கி, அதன் பாரம் வில்லில் அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறப்பர் எப்பொழுதும் முறுகியவாறே நின்று விரைவிற் கிழியும். சில நாள் ஓடியபின் மறுபடியும் இறுக்கத்தைச் சோதித்தல் நன்று.

மரக்கறி வண்டிக்காரர் ஒரு சந்தையை இழந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் மூடைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, பின்புறத்திலிருந்து நெடுநாளாய்க் கேட்டுவந்த தட்டும் ஓசை நின்றிருந்தது. இனி எப்போதாவது அந்த ஆணியைக் கழற்றப் போகிறவர் எவராயினும், அதன்மீது பூசப்பட்டிருக்கும் கிரீஸைக் கண்டு, முன்பு கைவைத்தவரை மனத்துள் வாழ்த்துவார்.