பச்சை விளக்கும் 162-ஆம் போர்ட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னப்பா வேலை?" என்று ஊரில் கேட்டால், "டெலிபோன் கருவிகளைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர்ல கோளாறு வந்தா சரி பண்றது" என்பேன். அதில் ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கு.

கேட்வே என்பது பழைய டெலிபோன் லைனையும் ஐ.பி. நெட்வொர்க்கையும் இணைக்கும் பெட்டி. ஓர் ஈ-1 லைனில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். பல ஊர்களில் இருக்கும் பெட்டிகளை ஒரே திரையில் பார்க்க, எஸ்.என்.எம்.பி. என்ற முறை 1988-லிருந்து இருக்கிறது. சர்வர் கேட்டுக் கருவி பதில் சொன்னால் போலிங், 161-ஆம் போர்ட். ஏதாவது ஆனதும் கருவி தானாகச் சொன்னால் ட்ராப், 162. ட்ராப் என்பது தபால் கார்டு மாதிரி. போட்டவருக்கு, அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

ஓரிடத்தில் இரண்டு நாளாகப் போன் போகவில்லை. திரையிலோ பச்சை விளக்கு! பிங் போகிறது, போலிங்குக்குப் பதிலும் வருகிறது. கேட்வேகாரர்கள் சாஃப்ட்வேரைக் குறை சொல்ல, சாஃப்ட்வேர்காரர்கள் கேட்வேயைக் குறை சொல்ல, ஒரே சண்டை. சர்வரில் 162-ஆம் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பெட்டியை ஆஃப் பண்ணிப் போடச் சொன்னேன். துவங்கும்போது ஒரு ட்ராப் அனுப்பணும். அதுவும் வரலை. பெட்டிக்குள் பார்த்தால், ட்ராப் போக வேண்டிய முகவரி பழைய சர்வருடையது. ஈ-1 அறுந்ததைப் பெட்டி ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஆள் இல்லாத வீட்டுக்கு. போலிங் கேட்டதோ "உயிரோடு இருக்கியா?" என்பதை மட்டும். "லைன் இருக்கா?" என்று கேட்கவில்லை.

(இதற்கு நேர்மாறும் உண்டு. கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை நொடியில் நூறில் ஒரு பங்காக, 32 பிட்டில் எண்ணுகிறார்கள். 497 நாளில் அது நிரம்பிப் பூஜ்யமாகிவிடும். நன்றாக ஓடும் பெட்டியை "ரீபூட் ஆகிவிட்டது" என்று திரை அலறும்.)

2018 நவம்பர் 16, கஜா புயலை நம் மாவட்டத்தில் யார் மறப்பார்? கரண்டு போனால் டவர் முதலில் "மெயின்ஸ் இல்லை" என்று சொல்லும், அப்புறம் "பேட்டரி குறைகிறது", அப்புறம் மௌனம். டவர் சாய்ந்ததா, ஃபைபர் அறுந்ததா, டீசல் தீர்ந்ததா? எல்லாவற்றுக்கும் ஒரே மௌனம்தான். முந்தைய செய்திகள் வந்து சேர்ந்து, கருவியின் கடிகாரமும் சரியாக இருந்தால்தான் ஜெனரேட்டரை அனுப்புவதா, கேபிள் ஆட்களை அனுப்புவதா என்று முடிவு செய்ய முடியும். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்த நம் பிள்ளைகளின் அழைப்பு அந்த முடிவுக்காகத்தான் காத்துக் கிடக்கும்.

தம்பிகளே, தங்கைகளே, இதற்கு அமெரிக்கா போகணும்னு இல்லை. இன்றைய ஜோஹோ 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் துவங்கியது இந்த மாதிரி சாஃப்ட்வேரோடுதான். நெட்-எஸ்.என்.எம்.பி., வயர்ஷார்க் இரண்டும் இலவசம். லேபில் பழைய கம்ப்யூட்டர் இரண்டு போதும். ஒன்றிலிருந்து ட்ராப் அனுப்புங்க. மற்றதன் கேபிளைப் பிடுங்கிட்டு மறுபடியும் அனுப்புங்க. அனுப்பிய கம்ப்யூட்டர் ஏதாவது முணுமுணுக்கிறதா என்று பாருங்க. நாளை மதியம் வரை ஊரில்தான் இருக்கிறேன். வந்தால் சேர்ந்து செய்யலாம்.